மெல்லிய படலத்தில் மூலக்கூறு எப்படிச் சாய்ந்திருக்கிறது? அகச்சிவப்பில் அளப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அகச்சிவப்பு (ஐஆர்) கருவி உள்ள ஆய்வகத்தில் வேலை பார்த்தால், புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முந்தையவற்றைச் சுட்டும் என்பதால் எண் போட்டிருக்கிறேன். 2918, 1540 என்று வெறுமனே வரும் எண்களெல்லாம் அலைஎண்கள், அலகு செ.மீ⁻¹.

1. ஐஆர்ல என்ன பிணைப்பு இருக்குன்னுதானே தெரியும்? மூலக்கூறு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு திசை உண்டு. அதிர்வின்போது மூலக்கூறின் இருமுனைத் திறன் எந்தத் திசையில் கூடிக் குறைகிறதோ அதுதான் அந்தத் திசை. இப்படி மாறும் இருமுனையை நிலைமாற்ற இருமுனை என்பார்கள். ஒளியின் மின்புலம் அதே திசையில் ஆடினால் உட்கவர்வு முழுதாக வரும். குறுக்காக ஆடினால் எதுவும் வராது. இடைப்பட்ட கோணங்களில், இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தின் கோசைனை வர்க்கப்படுத்தினால் எவ்வளவோ அந்த அளவுக்கு வரும்.

திரவத்திலோ பொடியிலோ மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் இது சராசரியில் மறைந்துவிடுகிறது. பரப்பின் மேல் ஒழுங்காக நிற்கும் படலத்தில் மறையாது. மின்புலத்தின் திசையை நாம் தீர்மானித்து, பட்டையின் (நிறமாலையில் எழும் பீக்கின்) உயரத்தைப் பார்த்தால், இருமுனை எங்கே நோக்குகிறது என்று சொல்லலாம். மூலக்கூறின் அச்சு எங்கே என்பது அதற்கு அடுத்த படி. அந்த இருமுனை மூலக்கூறுக்குள் எப்படி அமர்ந்திருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அந்தப் படி ஏற முடியும்.

2. ரெண்டு நானோமீட்டர் படலத்துல சிக்னல் வருமா?

வரும், ஆனால் சின்னதாக. தங்கத்தின் மேல் ஆக்டாடெக்கேன்தயோல் (கந்தக முனையுள்ள 18 கார்பன் சங்கிலி) ஒற்றை அடுக்கு போட்டால் தடிமன் 2 நானோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதன் மிகப் பெரிய பட்டையின் உயரம் சுமார் 0.001 முதல் 0.002 உட்கவர்வு அலகு வரைதான். திரவ நைட்ரஜனில் குளிர்வித்த டிடெக்டர், சில நூறு முதல் ஆயிரம் ஸ்கேன், நன்றாக உலர்ந்த கருவி இருந்தால் போதும். இதில் மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள் (கேள்வி 12).

3. தங்கத்துல எஸ்-ஒளியில ஒண்ணுமே வரலை. போலரைசர் போயிடுச்சா?

போலரைசர் (மின்புலம் ஒரே திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்-ஒளியின் மின்புலம் பரப்புக்கு இணையாக ஆடும். உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் கட்டம் ஏறக்குறைய 180 டிகிரி புரண்டுவிடுகிறது. போகிற அலையும் வருகிற அலையும் பரப்பின் மேலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. படலம் இருப்பது சரியாக அந்த இடத்தில், அங்கே ஒளியே இல்லை. பி-ஒளியின் மின்புலம் எஸ்-ஒளியினதற்குக் குறுக்கே ஆடுவதால், பரப்புக்குச் செங்குத்தான கூறும் அதில் உண்டு. அந்தச் செங்குத்துக் கூறு மட்டும் அழியாமல் கூடுகிறது, அதுவும் ஒளி பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரிச் சாய்வாக விழுந்தால்.

பிரான்சிஸும் எலிசனும் 1959-இல் பளபளப்பான உலோகப் பரப்பில் ஒற்றை அடுக்கை இப்படி அளந்தார்கள். ஏன் சாய்வான கோணம் வேண்டும் என்பதை கிரீன்லர் 1966-இல் கணக்காகக் காட்டினார். பரப்புத் தேர்வு விதி என்று இன்று சொல்வதன் சாரம் ஒரே வரி: உலோகத்தின் மேல், பரப்புக்குச் செங்குத்தான கூறு உள்ள அதிர்வு மட்டுமே தெரியும். இந்த முறைக்கு ஐஆர்ராஸ் என்று பெயர்.

4. கோணம் 80 வைக்கவா, 85 வைக்கவா?

ஒளி விழும் கோணத்தைப் பரப்பின் செங்குத்துக்கோட்டிலிருந்து எண்ணுகிறோம். கணக்குப்படி தங்கத்துக்கு 88 டிகிரி அருகே உச்சம். நடைமுறையில் 80 முதல் 86 வரை வைக்கிறோம், காரணம் மாதிரியின் நீளம். 5 மி.மீ. அகலமுள்ள கற்றை 80 டிகிரியில் பரப்பில் 29 மி.மீ. நீளத்துக்குப் படரும், 85 டிகிரியில் 57 மி.மீ. உங்கள் தங்கத் தகடு 25 மி.மீ. என்றால் மிச்ச ஒளி தகட்டைத் தாண்டிப் போகிறது, அல்லது தாங்கியில் பட்டுத் தேவையற்றதைக் கொண்டுவருகிறது. சின்ன மாதிரிக்கு 80-தான் சரி.

5. பொடியில பெருசா இருந்த பீக் படலத்துல காணோம். பொருள் சிதைஞ்சுடுச்சா?

பெரும்பாலும் இல்லை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் காணாமல் போன பட்டையே விடை. காட்மியம் அராக்கிடேட் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாங்மியர்-பிளாஜெட் முறையில் (தண்ணீர்ப் பரப்பில் மிதக்கும் ஒற்றை அடுக்கைத் தகட்டில் எடுப்பது) அடுக்குவதற்குப் பேர்போன பொருள். அதை ஊடுருவல் முறையில், அதாவது ஒளியைப் படலத்தின் வழியே நேராக விட்டு, அளந்தால் 1540 அருகே கார்பாக்சிலேட்டின் (சங்கிலி முனையில் உள்ள COO⁻) சமச்சீரற்ற நீட்சி ஓங்கி நிற்கும், மெத்திலீன் (CH₂) நீட்சிகளான 2918, 2850 இரண்டும் பெரிதாக இருக்கும். அதே படலத்தை வெள்ளியின் மேல் போட்டு ஐஆர்ராஸில் பாருங்கள். 1540 சுருங்கிவிடும், 1430 அருகே உள்ள சமச்சீர் நீட்சி எழும்பி நிற்கும், மெத்திலீன் நீட்சிகள் தாழ்ந்துவிடும். 1180-க்கும் 1380-க்கும் நடுவே, முன்பு கண்ணில் படாத ஒரு வரிசைச் சிறு பட்டைகள் சம இடைவெளியில் தலைகாட்டும்.

இதை அப்படியே வாசிக்கலாம். சமச்சீர் நீட்சியின் இருமுனை சங்கிலியை ஒட்டிய திசையில், சமச்சீரற்றதன் இருமுனை அதற்குக் குறுக்கே. மெத்திலீன் நீட்சிகள் இரண்டுமே சங்கிலிக்குக் குறுக்கே. அந்தச் சிறு பட்டை வரிசையின் இருமுனை சங்கிலி நெடுக. குறுக்கே உள்ளவை எல்லாம் உலோகத்தின் மேல் மங்குகின்றன, நெடுக உள்ளவை ஓங்குகின்றன. அப்படியானால் சங்கிலி நிமிர்ந்து நிற்கிறது. ஒரு கணக்கும் போடாமலேயே இவ்வளவு சொல்லிவிட்டோம்.

தட்டை மூலக்கூறுகளுக்கும் இதே வாசிப்பு. தாலோசயனின் உலோகத்தின் மேல் படுத்துக் கிடந்தால் 730 அருகே உள்ள, வளையத் தளத்துக்கு வெளியே ஆடும் கார்பன்-ஹைட்ரஜன் வளைவு பலமாக வரும், தளத்துக்குள் ஆடுபவை மறையும். விளிம்பில் நின்றால் நேர்மாறு. கோணக் கணக்குக்குள் இறங்கும் முன் ஊடுருவல், ஐஆர்ராஸ் நிறமாலைகள் இரண்டையும் மேலும் கீழும் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

6. 2918-ல பீக் வந்திருக்கு. அப்போ சங்கிலி நேரா நிக்குதுன்னு எழுதிடலாமா?

எழுதக்கூடாது. பட்டை எங்கே இருக்கிறது என்பது ஒரு செய்தி, எவ்வளவு உயரம் என்பது வேறு செய்தி. சமச்சீரற்ற மெத்திலீன் நீட்சி 2916–2918-இலும் சமச்சீர் நீட்சி 2848–2850-இலும் இருந்தால் சங்கிலி முறுக்கின்றி நீண்டிருக்கிறது, நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 2924-ஐத் தாண்டினால் உள்ளே நிறைய முறுக்கு, திரவம் மாதிரி. நீண்ட சங்கிலி நிமிர்ந்தும் நிற்கலாம், 30 டிகிரி சாயலாம், படுத்தும் கிடக்கலாம். மூன்றிலும் 2918 வரும்.

ஆனாலும் இடத்தை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம். 2926 வந்திருந்தால் ஒற்றைச் சாய்வுக் கோணம் என்று ஒன்றைக் கணக்கிடுவதற்கே அர்த்தம் குறைவு. முறுக்கிய சங்கிலிக்கு எது அச்சு?

7. சரி, கோணத்தை எப்படிக் கணக்குப் போடறது?

உலோகத்தின் மேல் உள்ள நீண்ட சங்கிலிக்குச் சொல்கிறேன். அடிப்படை இதுதான்: அதே தடிமனில், மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் ஒரு கற்பனைப் படலம் எவ்வளவு உயரம் காட்டும் என்று கணக்கிடுகிறோம். அளந்த உயரத்தை அதனால் வகுக்கிறோம். கிடைக்கும் விகிதம், இருமுனைக்கும் செங்குத்துக்கோட்டுக்கும் உள்ள கோணத்தின் கோசைன் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு.

ஒரு உதாரணம். சமச்சீரற்ற நீட்சிக்கு விகிதம் 0.40, சமச்சீர் நீட்சிக்கு 0.30 என்று வைத்துக்கொள்வோம். மூன்றால் வகுத்தால் 0.133, 0.100. இந்த இரண்டு இருமுனைகளும் சங்கிலி அச்சும் ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆகவே மூன்றின் கோசைன் வர்க்கங்களையும் கூட்டினால் 1 வரவேண்டும். அச்சுக்கு மிஞ்சுவது 0.767. அதன் வர்க்கமூலம் 0.876, கோணம் 29 டிகிரி. தங்கத்தின் மேல் நீண்ட அல்கேன்தயோல்கள் ஏறக்குறைய இந்த அளவுதான் சாய்கின்றன, வெள்ளியின் மேல் 10–12 டிகிரிதான். இரண்டு விகிதங்களும் சமமாக இல்லை என்பதிலிருந்து, சங்கிலி தன் அச்சில் எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதும் கிடைக்கும். இந்த எண்களுக்கு 49 டிகிரி.

8. அந்தக் கற்பனைப் படலத்தோட உயரம் எங்கேர்ந்து வரும்?

பொருளைப் பொட்டாசியம் புரோமைடு வில்லையாக்கி, அதன் நிறமாலையிலிருந்து ஒளியியல் மாறிலிகளை (ஒளிவிலகல் எண், உட்கவர்வு எண்) எடுத்து, அவற்றை உங்கள் கோணம், உங்கள் உலோகம், உங்கள் தடிமனுக்கு பிரெனல் சமன்பாடுகளில் (பரப்பில் ஒளி எவ்வளவு திரும்பும் என்று சொல்பவை) போட வேண்டும். பொடியும் படலத்தைப் போலவே முறுக்கற்ற படிக நிலையில் இருக்க வேண்டும். உருகிய திரவத்தின் மாறிலிகளை வைத்துப் படிகப் படலத்தைக் கணக்கிட்டால் பட்டையின் அகலமும் உயரமும் பொருந்தாது. தடிமனை எலிப்சோமெட்ரி (திரும்பும் ஒளியின் முனைவாக்க மாற்றத்திலிருந்து தடிமன் காண்பது) போன்ற தனி முறையில் அளந்துகொள்ளுங்கள்.

தடிமனில் 10 சதவீதம் தவறினால் மேலே சொன்ன 29 டிகிரி, 27-க்கும் 30-க்கும் நடுவே ஆடும். பரவாயில்லை என்று தோன்றும். செங்குத்தை நெருங்கும் படலங்களில்தான் ஆபத்து. 12 டிகிரிச் சாய்வுக்கு அந்த இரண்டு கோசைன் வர்க்கங்களின் கூட்டு வெறும் 0.043. அடிக்கோட்டுத் தவறாலோ சில முறுக்கிய சங்கிலிகளாலோ அதில் 0.05 ஏறிவிட்டால் விடை 18 டிகிரி ஆகிவிடும்.

9. எனக்கு 54.7 டிகிரி வருது. எல்லா மூலக்கூறும் 54.7-ல சாய்ஞ்சிருக்கா?

இருக்கலாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்படுங்கள். கோசைன் வர்க்கம் சரியாக மூன்றில் ஒன்று ஆகும் கோணம் அது. எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் படலத்துக்கும் அதே மூன்றில் ஒன்றுதான் வரும். ஒழுங்கு அளவுரு (எல்லாம் செங்குத்தாக நின்றால் 1, சிதறிக் கிடந்தால் 0 ஆகும் எண்) இரண்டிலும் பூச்சியம். அகச்சிவப்பால் இரண்டையும் பிரிக்க முடியாது.

மற்ற கோணங்களிலும் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நாம் அளப்பது கோணத்தை அல்ல, கோசைன் வர்க்கத்தின் சராசரியை. பாதி மூலக்கூறுகள் நிமிர்ந்தும் பாதி படுத்தும் இருந்தால் சராசரி 0.5, கணக்கு 45 டிகிரி என்று சொல்லும். 45 டிகிரியில் ஒரு மூலக்கூறுகூட இருக்காது. அதனால்தான் கோணத்தை மட்டும் எழுதாமல் சராசரியையோ ஒழுங்கு அளவுருவையோ சேர்த்து எழுதச் சொல்கிறேன். படலம் சீராக இருக்கிறது என்பதற்கு எக்ஸ்-கதிர் சிதறலோ வேறு ஏதாவதோ சாட்சி சொல்லட்டும்.

10. என் படலம் சிலிக்கான் மேல இருக்கு. தங்கத்துக்கு மாத்தித்தான் ஆகணுமா?

மாற்றினால் படலமே மாறிவிடலாம். மூலக்கூறு எப்படி நிற்கும் என்பதை அடித்தளமும் தீர்மானிக்கிறது. சிலிக்கான் அகச்சிவப்பை விடுவதால், நேராக ஊடுருவ விட்டு, பரப்புக்கு இணையான கூறுகளை முதலில் எடுங்கள். செங்குத்துக் கூறுக்குத் தகட்டைச் சாய்த்துப் பல கோணங்களில் அளக்க வேண்டும். தகேஷி ஹாசெகாவா 2002-இல் முன்வைத்த மெய்ர்ஸ் முறை அதைத்தான் செய்கிறது: பல கோணத்து அளவீடுகளை ஒன்றாகப் போட்டுக் கணித வழியில் இணை நிறமாலை ஒன்று, செங்குத்து நிறமாலை ஒன்று என்று பிரித்துத் தரும். பின்னால் வந்த பி-மெய்ர்ஸ் பி-ஒளியை மட்டும் பயன்படுத்துகிறது. ஒரே மாதிரியில் இரண்டும் கிடைப்பதால் தடிமன் தெரியாமலே கோணம் கணக்கிடலாம், ஆனால் படலத்தின் ஒளிவிலகல் எண் தெரிய வேண்டும். கண்ணாடி வேண்டாம். சுமார் 2000-க்குக் கீழே அது ஒளியை விழுங்கிவிடும்.

11. ஏடிஆர் படிகத்து மேலேயே படலம் போட்டு ரெண்டு போலரைசேஷன்லயும் எடுத்தேன். புத்தகத்துல இருக்கிற சூத்திரத்துல போட்டா போதுமா?

ஏடிஆர் என்பது படிகத்துக்குள் முழுதாகத் திரும்பும் ஒளி வெளியே கொஞ்சம் கசிவதை வைத்து அளக்கும் முறை. எந்தச் சூத்திரம் என்று பாருங்கள். தடித்த மாதிரிக்கு ஒன்று, மெல்லிய படலத்துக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. நான் பார்த்த தவறான சாய்வுக் கோணங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறந்தது. ஜெர்மானியம் படிகம், 45 டிகிரி, படலத்தின் ஒளிவிலகல் எண் 1.5, மேலே காற்று என்று வைத்துக்கொள்வோம். 2900 அருகே ஒளி படிகத்துக்கு வெளியே சில நூறு நானோமீட்டர் கசிகிறது. 2 நானோமீட்டர் படலம் அதில் ஒரு துளி. ஆகவே புலத்தைத் தீர்மானிப்பது படலமல்ல, அதற்கு மேலே இருக்கும் காற்று. படலத்துக்குள் செங்குத்துப் புலம் மட்டும் ஒளிவிலகல் எண்ணின் இருமடியால் குறையும். செறிவில் அது நான்காம் அடுக்கு, 1.5-க்கு ஏறக்குறைய 5 மடங்குக் குறைவு.

எண்ணாகச் சொன்னால், மெல்லிய படலத்தில் செங்குத்துப் புலத்தின் வர்க்கம் 0.45. தடித்த மாதிரிச் சூத்திரம் அதையே 2.7 என்று சொல்லும். எல்லாத் திசையிலும் சிதறிய படலத்துக்குப் பி-உட்கவர்வை எஸ்-உட்கவர்வால் வகுத்தால் மெல்லியதில் 1.14 வரவேண்டும், தடித்ததில் 2.0. இப்போது ஒழுங்கே இல்லாத ஒரு மெல்லிய படலம் 1.14 காட்டுகிறது என்று வையுங்கள். அதைத் தடித்த சூத்திரத்தில் போட்டால் இருமுனை 70 டிகிரியில் படுத்திருக்கிறது என்று விடை வரும். இல்லாத ஒழுங்கை நாமே உண்டாக்கிவிட்டோம். படலம் தண்ணீருக்கு அடியில் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணைப் போட மறக்காதீர்கள்.

12. 1400-லேர்ந்து 1900 வரைக்கும் முள்ளு முள்ளா வருது. ஸ்கேனைக் கூட்டினாலும் போகலை.

அது நீராவி. 3500–3900 பகுதியிலும் வரும். 2349-இல் கார்பன் டை ஆக்சைடு. ஸ்கேனைக் கூட்டினால் இரைச்சல் குறையும், நீராவி குறையாது. உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ ஓட விட்டு, மாதிரியை வைத்து மூடிய பிறகு அரை மணி நேரமாவது காத்திருங்கள். அதுவும் போதாவிட்டால் பிஎம்-ஐஆர்ராஸ் இருக்கிறது. ஒளியின் முனைவாக்கத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை எஸ்ஸுக்கும் பிக்கும் மாற்றிக்கொண்டே அளந்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். திசையில்லாத நீராவி இரண்டிலும் சமமாக இருப்பதால் பெரும்பாலும் கழிந்துவிடும். ஒப்பிடுவதற்கென்று தனியாக வெற்றுத் தங்கத்தை அளக்கவும் தேவையில்லை, அது அடுத்த கேள்விக்கும் உதவும்.

13. சில பீக் தலைகீழா இருக்கு. ஏன்?

அடித்தளம் உலோகமா, இல்லையா? உலோகம் என்றால் பெரும்பாலும் குறிப்புத் தகடு (ஒப்பிடுவதற்காக அளக்கும் வெற்றுத் தகடு) அழுக்கு. சுத்தம் செய்த தங்கம் காற்றில் இருக்கும் கரிமப் பொருளை விரைவில் பிடித்துக்கொள்ளும். அதைக் குறிப்புத் தகடாக எடுத்தால் 2850–2960 பகுதி முழுக்கக் கீழ்நோக்கி வரும், கோணக் கணக்கு பாழாகும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய தயோல் அடுக்கு போட்ட தங்கத்தைக் குறிப்புத் தகடாக வைப்பது நல்ல வழி. அதன் நீட்சிகள் 2100–2200 பக்கம் போய்விடும், நம் பகுதி சுத்தமாக இருக்கும்.

அடித்தளம் தண்ணீர், சிலிக்கான் போன்றது என்றால் தலைகீழாக வருவதே இயல்பு. தண்ணீர்ப் பரப்பில் எஸ்-ஒளியில் எப்போதும் கீழ்நோக்கித்தான் வரும். பி-ஒளியில் புரூஸ்டர் கோணத்துக்குக் (பி-ஒளி ஏறக்குறையத் திரும்பாத கோணம்) கீழே இணைக் கூறு கீழ்நோக்கியும் செங்குத்துக் கூறு மேல்நோக்கியும் வரும், அந்தக் கோணத்தைத் தாண்டியதும் இரண்டும் இடம் மாறும். தண்ணீருக்கு அது 53 டிகிரி அருகே, சிலிக்கானுக்கு 74 அருகே. எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்பதே திசையைச் சொல்லிவிடுகிறது, குறை அல்ல.

14. ஊடுருவல்ல ஒரு இடத்துல, ஐஆர்ராஸ்ல வேற இடத்துல பீக் வருது. பரப்போட வினை நடந்திருக்கா?

பலமான பட்டைகளில் மட்டும், அதுவும் மேல் அலைஎண் பக்கம் நகர்ந்திருந்தால் முதலில் ஒளியியலைக் குற்றம் சொல்லுங்கள். மின்புலம் படலத்துக்குச் செங்குத்தாக ஆடும்போது நெடுக்கு அதிர்வெண் (எல்ஓ) தெரியும், இணையாக ஆடும்போது குறுக்கு அதிர்வெண் (டிஓ). மிக அதிகமாக நகர்வதற்கு உதாரணம் சிலிக்கான் ஆக்சைடு: 1060–1080 அருகே இருக்க வேண்டியது 1240 அருகே தோன்றும். கரிமப் படலங்களில் கார்பனைல் பட்டை சில அலகுகள்தான் நகரும். மெத்திலீன் நீட்சிகளில் இது மிகக் குறைவு, எனவே கேள்வி 6-இல் சொன்ன வாசிப்பு செல்லும்.

15. தலை மேல இருக்கா, கீழ இருக்கான்னு சொல்ல முடியுமா?

முடியாது. கோசைனை வர்க்கப்படுத்தும்போது குறி போய்விடுகிறது. மேல்நோக்கிய இருமுனையும் கீழ்நோக்கியதும் ஒரே உயரம் தரும். கூட்டு அதிர்வெண் ஒளியியலில் (இரண்டு ஒளிகள் பரப்பில் கலந்து, அதிர்வெண்களின் கூட்டில் வரும் ஒளியை அளப்பது) கோசைனும் அதன் மும்மடியும் வருவதால் அங்கே திசை தெரியும். அகச்சிவப்பிலேயே சமாளிக்க வேண்டுமானால் ஒரு முனையை மட்டும் வேதியியலில் அடையாளப்படுத்தலாம், உதாரணமாகப் பரப்போடு ஒட்டும் அமிலம் உப்பாக மாறி அதன் பட்டை நகர்கிறதா என்று பார்க்கலாம்.

16. ஐஆர்ல 32 டிகிரி, எக்ஸ்-கதிர்ல 27. எதை நம்பறது?

இரண்டும் சரியாக இருக்கலாம். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படிக ஒழுங்குள்ள பகுதிகளை மட்டும் பார்க்கிறது. அகச்சிவப்பு ஒளி பட்ட எல்லா மூலக்கூறையும் எண்ணுகிறது, எல்லைகளில் கலைந்து கிடப்பவற்றையும் சேர்த்து. கலைந்தவை சராசரியை 54.7 பக்கமாக இழுக்கும், ஆகவே நிமிர்ந்து நிற்கும் படலத்தில் அகச்சிவப்புக் கோணம் கொஞ்சம் கூடுதலாக வருவது எதிர்பார்க்கக்கூடியதே. வித்தியாசம் 5 டிகிரி என்றால் சண்டை போட ஒன்றுமில்லை. 20 டிகிரி என்றால் முதலில் கேள்வி 11, பிறகு 8, அப்புறம் 13 என்ற வரிசையில் சரிபாருங்கள்.

கட்டுரையில் எழுதும்போது எந்தப் பட்டைகளை எடுத்தீர்கள், எந்த மாறிலிகள், என்ன தடிமன், எந்தச் சூத்திரம் என்று குறிப்பிடுங்கள். சராசரிக் கோசைன் வர்க்கத்தையும் போடுங்கள். நாளைக்கு யாராவது ஒளிவிலகல் எண்ணைத் திருத்தினால் உங்கள் நிறமாலையிலிருந்தே புதிய கோணத்தைக் கணக்கிட்டுக்கொள்வார்கள்.